வயிறு நிறைஞ்ச பிறகும் ராத்திரியில சாப்பிடறது மனவுறுதி இல்லாததாலயா?

கேள்வியை நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு முதல்ல பாத்துடலாம். காலையில வெறும் காபி, மதியம் பயந்து பயந்து கொஞ்சமா, ராத்திரி வீட்ல எல்லாரோடயும் உக்காந்து அளவான சாப்பாடு, அதுல வயிறும் நிறைஞ்சுடுது. ஆனா எல்லாரும் படுத்த பிறகு கிச்சனுக்குப் போய் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம்னு கைக்குக் கிடைச்சதெல்லாம் காலி, அப்புறம் தூக்கம் வராம உங்களை நீங்களே திட்டிக்கறது, மறுநாள் முன்னைவிட கடுமையா டயட். "பசியே இல்லாதப்ப ஏன் சாப்பிடறேன், எனக்கு மனவுறுதியே கிடையாதா, என் 5 வயசுப் பொண்ணும் இப்படித்தான் ஆவாளா"ன்னு முடிச்சிருக்கீங்க. சாப்பாட்டைப் பத்திக் கேட்ட மாதிரி இருந்தாலும் நீங்க நிஜமா கேக்கறது "என்கிட்டயே ஏதோ குறை இருக்கா"ங்கறதுதான்னு எனக்குப் படுது. அதுக்கு பதில் உடனே சொல்லிடறேன், இல்ல. நீங்க எழுதியிருக்கறதுல மனவுறுதி இல்லாத ஆள் யாரும் எனக்குத் தெரியல, பகல் பூரா பசியை அடக்கி வச்சிருக்கற ஒரு ஆள்தான் தெரியறாங்க. ராத்திரி நடக்கறதோட வேர் பெரும்பாலும் அந்தப் பகல்லதான் இருக்கு. ஏன் அப்படிச் சொல்றேன்னு விளக்கத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் உளவியல் ஆலோசகர். சாப்பாட்டோட தினமும் மல்லுக்கட்டறவங்களை டயட்டீஷியன் ஒருத்தரோட சேர்ந்து பாக்கறதுதான் பல வருஷமா என் வேலை. டாக்டர் இல்ல, அதனால மருந்து, ஹார்மோன் டெஸ்ட் மாதிரி விஷயங்கள்ல நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு கேள்வியை மட்டும் படிச்சுட்டு உங்களுக்கு இன்ன பிரச்சனைன்னு பேர் வைக்கவும் முடியாது, வைக்கவும் கூடாது.

"பசி இல்லாம ஏன்"னு கேட்டீங்கல்ல, அதுல ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு, வயிறு காலியானா பசிக்கும், நிறைஞ்சா நின்னுடும்னு. வண்டியோட பெட்ரோல் முள்ளு மாதிரின்னு வச்சுக்கோங்களேன். மனுஷனோட சாப்பாடு அப்படி வேலை செய்யறதே இல்ல. பால் ரோசின்ங்கற உளவியலாளரும் கூட இருந்தவங்களும் 1998ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூளை பாதிப்பால புது விஷயம் எதுவும் ஞாபகத்துல நிக்காத ரெண்டு பேரு. அவங்களுக்கு மதிய சாப்பாடு குடுத்து, தட்டை எடுத்துட்டு, 10 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள மறுபடியும் ஒரு முழு சாப்பாட்டைக் கொண்டு வந்து வச்சா, அவங்க அதையும் சாப்பிட்டாங்க. மூணாவது தடவை வச்சப்பவும் பல நேரம் சாப்பிட ஆரம்பிச்சாங்க. வயிறு அவங்களுக்கும் நிறைஞ்சுதான் இருந்தது, சாப்பிட்டோம்ங்கற நினைப்புதான் இல்ல. ரெண்டே ரெண்டு பேரை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணிட முடியாது, ஒத்துக்கறேன், ஆனா ஞாபக மறதி இல்லாத சாதாரண ஆட்கள்கிட்ட பண்ணின ஆய்வுகளும் இதே திசையிலதான் போகுது. சுசான் ஹிக்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், மதியம் என்ன சாப்பிட்டீங்கன்னு கொஞ்சம் யோசிக்கச் சொல்லிட்டு அப்புறம் பிஸ்கட்டை நீட்டினப்போ, அப்படி யோசிச்சவங்க கம்மியாதான் எடுத்துக்கிட்டாங்க. டிவியோ போனோ பாத்துக்கிட்டே சாப்பிடறவங்க அந்த நேரத்துலயும் அதிகமா சாப்பிடறாங்க, அதைவிட இன்னும் அதிகமா அதுக்கப்புறம் வர்ற வேளையில சாப்பிடறாங்கன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தப்போ தெரிஞ்சது. கவனிக்காம சாப்பிட்டது மனசுல பதியறதில்ல, பதியாத சாப்பாடு கணக்குல வர்றதில்ல.

நேரமும் இதுல ஒரு பங்கு எடுத்துக்குது. பசியைத் தூண்டற கிரெலின்ங்கற ஹார்மோனை 1999ல கண்டுபிடிச்சாங்க, நாம வழக்கமா சாப்பிடற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ரத்தத்துல அது ஏற ஆரம்பிச்சுடும். அதாவது உடம்பு பழக்கத்தைக் கத்துக்குது. தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு இனிப்பு சாப்பிட்டா, கொஞ்ச நாள்ல அந்த நேரமும், அந்த கிச்சன் லைட்டும், வீட்டோட அந்த அமைதியுமே ஆசையைக் கிளப்ப ஆரம்பிச்சுடும். அப்ப உங்களுக்கு வர்றது பொய்ப் பசின்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அது நிஜமாவே உடம்புல எழும்பற ஒண்ணு, வயிறு காலியானதால கிளம்பலங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

வயிறு முட்ட சாப்பிட்ட பிறகும் ஐஸ்கிரீமுக்கு மட்டும் இடம் இருக்கே, அதுக்கும் காரணம் உண்டு. ஒரே ருசியைத் திரும்பத் திரும்பச் சாப்பிடும்போது அந்த ருசி மேல உள்ள ஆசை மட்டும் குறையும், வேற ருசி மேல உள்ள ஆசை அப்படியேதான் இருக்கும். 1980கள்ல பார்பரா ரோல்ஸும் அவரோட குழுவும் இதைத் தெளிவா காட்டினாங்க, ஒரே உணவையே நாலு சுற்று பரிமாறினதைவிட நாலு சுற்றும் வேற வேற உணவா பரிமாறினப்போ மக்கள் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகமா சாப்பிட்டாங்க. உணவுப் பழக்க ஆய்வுகள்ல திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்தும் நிலைச்சு நிக்கற முடிவுகள்ல இது ஒண்ணு. காரம், உப்பு எல்லாம் முடிச்சுட்டு எழுந்தவங்களை இனிப்பு கூப்பிடறது பேராசை கிடையாது, பலவகைச் சத்தும் கிடைக்கணும்னு உடம்பு வச்சிருக்கற ஏற்பாடுன்னுதான் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் பாக்கறாங்க.

இதெல்லாம் எல்லாருக்கும் பொது. உங்க விஷயத்துல நான் அதிகம் யோசிக்கறது பகல் கட்டுப்பாட்டைப் பத்தி. 1944 கடைசியில அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனை ஆரம்பிச்சார். போர்ல சேர மனசாட்சி இடம் குடுக்கலன்னு சொன்ன 36 ஆரோக்கியமான இளைஞர்கள், தாங்களா முன்வந்தவங்க. அவங்களுக்கு 24 வாரம் ஒரு நாளைக்கு சராசரியா 1,570 கலோரி மாதிரிதான் சாப்பாடு. இப்ப நிறைய டயட் பிளான்ல போடற அளவைவிட இது அதிகம்ங்கறதை கவனிங்க (அவங்க நிறைய நடக்கவும் வேண்டியிருந்தது, அதையும் சொல்லிடணும்). எடையில கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. ஆனா அந்த ஆய்வை நான் இன்னைக்கும் எடுத்துச் சொல்றதுக்குக் காரணம் எடை இல்ல, அவங்க மனசு போன போக்கு. சமையலைப் பத்தி அதுவரைக்கும் யோசிக்கவே யோசிக்காத பசங்க சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டைப் பத்தியே பேச்சு, அதைப் பத்தியே கனவு, தட்டுல உள்ளதை ரொம்ப நேரம் வச்சு வச்சு சாப்பிடறது, எரிச்சல், சோர்வு. சிலர் தாங்க முடியாம வெளிய போய் வாங்கித் தின்னுட்டு குற்ற உணர்ச்சியில துடிச்சாங்க. பரிசோதனை முடிஞ்சு இஷ்டப்படி சாப்பிடலாம்னு விட்டப்போ, வயிறு வலிக்கற அளவு சாப்பிட்டும் இன்னும் பசிக்குதுன்னு சொன்னவங்க உண்டு. இவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு பரிசோதிச்சு, தேறினவங்களா பொறுக்கி எடுத்த ஆட்கள். அவங்களுக்கே அப்படின்னா, பகல் பூரா அரை வயித்தோட வேலையும் பாத்து குழந்தையையும் பாக்கற ஒருத்தருக்கு ராத்திரி கை நீளறதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

இதுல இன்னொரு அடுக்கும் இருக்கு, அதுதான் உங்க வரிகள்ல அப்படியே தெரியுது. 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் பண்ணின ஆய்வு. மாணவிகளுக்கு முதல்ல மில்க்‌ஷேக் குடுத்துட்டு அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பாத்து மார்க் போடச் சொன்னாங்க, எவ்ளோ வேணா சாப்பிடலாம். டயட் பத்தி கவலைப்படாதவங்க மில்க்‌ஷேக் குடிச்சதால ஐஸ்கிரீமைக் கம்மியா சாப்பிட்டாங்க, அதுதானே இயல்பு. எப்பவும் கட்டுப்பாட்டுல இருக்கறவங்க தலைகீழா, மில்க்‌ஷேக் குடிச்ச பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமா சாப்பிட்டாங்க. "எப்படியும் இன்னைக்குக் கெட்டுப்போச்சு, இனிமே பாத்து என்ன ஆகப்போகுது"ங்கற அந்த ஒரு நினைப்பு வந்தா போதும், கட்டுப்பாடு மொத்தமும் உடைஞ்சுடும். அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள்ல, உண்மையில எவ்ளோ கலோரிங்கறதைவிட "நான் கலோரி ஜாஸ்தியான எதையோ சாப்பிட்டுட்டேன்"னு அவங்க நம்பினதே இதுக்குப் போதும்னு தெரிஞ்சது. நீங்க எழுதியிருந்தீங்க இல்லையா, "ஒரு பிஸ்கட்தான் எடுப்பேன், அப்புறம் பாக்கெட் முடிஞ்சிருக்கும்"னு. ஒண்ணுக்கும் முழு பாக்கெட்டுக்கும் நடுவுல நடக்கறது இதுதான். ஒரு பிஸ்கட்டைத் தப்புன்னு வச்சிருக்கறதாலதான் ரெண்டாவதுல இருந்து கணக்கே இல்லாம போகுது.

என்கிட்ட வர்றவங்களை ஒரு நோட்டுல எழுதச் சொல்லுவேன், என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணி, எங்க, அதுக்கு முன்னாடி கடைசியா எப்போ சாப்பிட்டீங்க, மனசு எப்படி இருந்தது, இவ்ளோதான். கலோரி எழுதக் கூடாது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஆளுக்கு ஆள் வாழ்க்கை வேறயா இருந்தாலும் ராத்திரி வரிகள் ஒரே மாதிரி வரும். லைட் போடாம ஃப்ரிட்ஜ் வெளிச்சத்துலயே சாப்பிட்டேன், நின்னுக்கிட்டே சாப்பிட்டேன், தட்டு எடுக்கல, ருசி எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இல்ல, காலி கவரை குப்பைத்தொட்டியில மத்த குப்பைக்கு அடியில தள்ளிட்டேன். அதே பக்கத்துல மேல பாத்தா காலைக் கட்டம் காலியா இருக்கும், மதியக் கட்டத்துல ஒரு பழமோ ரெண்டு வாய் சாப்பாடோ இருக்கும். எழுதினவங்க ராத்திரி வரியை மட்டும்தான் பாப்பாங்க, வெக்கத்தோட அதையே காட்டுவாங்க. நான் முதல்ல காலைக் கட்டத்தைத்தான் பாப்பேன்.

எல்லாம் பகல் பட்டினிதான் காரணம்னும் சொல்லிட மாட்டேன். மன அழுத்தம் வந்தா சிலருக்கு சாப்பாடு கூடும், சிலருக்கு இறங்கவே இறங்காது, ஒரே ஆளுக்கே ரெண்டும் நடக்கும். உங்களுக்கு நாள் பூரா கிடைக்கற ஒரே தனிமை அந்த ராத்திரி நேரம்தானோன்னு எனக்கு ஒரு சந்தேகம், "யாரும் எதுவும் கேக்காத நேரம்"னு நீங்க போகிற போக்குல எழுதியிருந்தது மனசுல நின்னுச்சு. அப்படி இருந்தா அங்க தேடறது இனிப்பை மட்டும் இல்ல, கொஞ்சம் ஓய்வையும்தான். மனசுக்கு ஆறுதல் தர்ற சாப்பாடுன்னு நாம நம்பறது நிஜமாவே ஆறுதல் தருதாங்கறது வேற கேள்வி. 2014ல வெளியான ஒரு ஆய்வுல, சோகமான வீடியோ காட்டிட்டு சிலருக்கு அவங்களுக்குப் பிடிச்ச ஆறுதல் உணவு, சிலருக்கு வேற உணவு, சிலருக்கு ஒண்ணுமே இல்லன்னு விட்டுப் பாத்தாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் மனசு ஒரே மாதிரிதான் தேறுச்சு. ஆய்வுக்கூடத்துல வர வச்ச சோகமும் வருஷக்கணக்கா சுமக்கற சோர்வும் ஒண்ணு இல்லங்கறதால இதை நான் கடைசி வார்த்தையா எடுத்துக்க மாட்டேன், ஆனா "சாப்பிட்டாதான் இது அடங்கும்"ங்கற நம்பிக்கையைக் கொஞ்சம் சந்தேகப்பட இது உதவும்.

மனவுறுதி பத்தியும் ஒரு விஷயம் சொல்லணும். மனவுறுதிங்கறது செலவு செய்யச் செய்யத் தீர்ந்துபோற சரக்கு, அதனாலதான் ராத்திரி தோத்துடறோம்னு நிறைய இடத்துல படிச்சிருப்பீங்க. அதுக்கு அடிப்படை 1998ல வந்த ஒரு ஆய்வு, சூடா பேக் பண்ணின குக்கீஸ் முன்னாடி இருக்க, அதைத் தொடாம முள்ளங்கியை மட்டும் சாப்பிடச் சொன்னவங்க அப்புறம் குடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டுட்டாங்கன்னு. அந்தக் கருத்தையே 23 ஆய்வகங்கள் சேர்ந்து வேற ஒரு சோதனையை வச்சு பாத்து 2016ல வெளியிட்டாங்க, சொல்லிக்கற மாதிரி விளைவு எதுவும் தெரியல. விவாதம் இன்னும் முடியல, ஆனா உறுதியான உண்மைன்னு இதை இனிமே யாரும் சொல்லக் கூடாதுங்கறது என் கருத்து. அதே மாதிரி சின்னத் தட்டு வாங்குங்க, எடை குறையும்னு சொல்றதையும் நான் சொல்றதில்ல. இந்த மாதிரி டிப்ஸ் நிறைய பிரபலமானது கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த பிரையன் வான்சிங்கோட ஆய்வுகளாலதான். 2018ல அவரோட 6 கட்டுரைகளை ஒரே நேரத்துல ஒரு மருத்துவ இதழ்க் குழுமம் வாபஸ் வாங்குச்சு, பல்கலைக்கழகமும் ஆய்வு முறைகேடு நடந்திருக்குன்னு அறிவிச்சது, அவர் பதவி விலகினார். அதுக்காக பரிமாறற அளவுக்கும் சாப்பிடற அளவுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிடாது, முன்னாடி அதிகமா வச்சா அதிகமா சாப்பிடறோம்ங்கறதை வேற பல குழுக்கள் தனியா காட்டியிருக்காங்க.

நீங்க ராத்திரி எடுக்கற சாப்பாட்டோட தன்மையும் முக்கியம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் 2019ல வெளியிட்ட ஆய்வுல 20 பேரை மருத்துவமனையிலயே தங்க வச்சு, 2 வாரம் ஃபேக்டரியில அதிகமா பதப்படுத்தின உணவு, 2 வாரம் பதப்படுத்தாத உணவு குடுத்தாங்க. ரெண்டுலயும் முன்னாடி வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேணுங்கற அளவு சாப்பிடலாம். பதப்படுத்தின உணவு நாட்கள்ல தினமும் சுமார் 500 கலோரி அதிகமா உள்ள போச்சு, வேகமாவும் சாப்பிட்டாங்க, எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறுச்சு. மெல்லவே வேண்டாத, வாயில வச்சதும் கரையற சாப்பாடு, திருப்தி வர்றதுக்குள்ள உள்ள போயிடுது. தூக்கத்தையும் விட்டுடாதீங்க. சிகாகோவுல கம்மியா தூங்கற, எடை கூடின 80 பேர்கிட்ட பண்ணி 2022ல வெளியான ஆய்வுல, ராத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடத் தூங்க வச்சப்போ, டயட் எதுவும் சொல்லாமலே தினமும் சுமார் 270 கலோரி கம்மியா சாப்பிட்டாங்க.

சரி, என்ன பண்றது. நான் முதல்ல ராத்திரியைத் தொடவே மாட்டேன். பகல்ல நேரத்துக்குச் சாப்பிடுங்க, மூணு வேளை சாப்பாடு, நடுவுல ரெண்டு சின்னத் தீனி, எழுந்திருக்கற நேரத்துல நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடாம. கட்டுப்பாடு இல்லாம சாப்பிடற பிரச்சனைக்குத் தர்ற சிகிச்சைகள்ல நல்லா நிரூபிக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையோட (நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாத்தற சிகிச்சை) ஆரம்பப் படியே இதுதான். "ராத்திரி அவ்ளோ தின்னுட்டு காலையிலயும் எப்படி சாப்பிடறது"ன்னு எல்லாரும் கேப்பாங்க, முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாடு உண்டுங்கறதுதான் இதுல ரொம்ப கஷ்டமான, ரொம்ப முக்கியமான இடம். முதல் சில வாரம் எடை ஏறிடுமோன்னு பயம் வரும், அதனால அந்த நேரத்துல தினமும் மெஷின்ல ஏறிப் பாக்காதீங்க. அப்புறம் அந்த இனிப்பைத் தடைப் பட்டியல்ல இருந்து எடுங்க. சாயங்காலமே வெளிச்சத்துல, தட்டுல வச்சு, உக்காந்து, வீட்ல இருக்கறவங்க முன்னாடியே சாப்பிடுங்க. இது எல்லாருக்கும் உடனே சரிவராது, சிலருக்குக் கொஞ்ச நாள் அந்தப் பொருளை வீட்ல வைக்காம இருந்து, சாப்பாட்டு நேரம் ஒழுங்கான பிறகு திரும்பக் கொண்டு வர்றது நல்லா அமையும், யாருக்கு எதுன்னு ஆளைப் பாக்காம சொல்ல முடியாது. அப்படியும் ராத்திரி போகணும்னு தோணினா போங்க, லைட்டைப் போடுங்க, தட்டுல எடுங்க, உக்காருங்க. சாப்பிடாம நிறுத்தறதுக்காக இதைச் சொல்லல, சாப்பிட்டது ஞாபகத்துல பதியணும்ங்கறதுக்காக.

பொண்ணைப் பத்திக் கேட்டதுக்கு. குழந்தைகளோட சாப்பாட்டுப் பழக்கத்தை லியான் பர்ச்சும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் பல வருஷம் ஆராய்ஞ்சிருக்காங்க. ஒரு ஆய்வுல பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தின வயசுக் குழந்தைகளுக்கு ரெண்டு வகை சூப் குடுத்து, ஒண்ணை மட்டும் "முடி, முடி"ன்னு வற்புறுத்தினாங்க. வற்புறுத்தாம விட்ட சூப்பைத்தான் குழந்தைங்க அதிகமா குடிச்சாங்க, வற்புறுத்தினதைப் பத்திக் குறைதான் சொன்னாங்க. கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டுத் தொடக் கூடாதுன்னு சொன்ன தின்பண்டம் மேல அவங்களுக்கு ஆசை கூடிச்சுன்னு இன்னொரு ஆய்வு. "காயைச் சாப்பிட்டா சாக்லேட் தருவேன்"னு சொல்லும்போது காய்ங்கறது தண்டனை, சாக்லேட்டுங்கறது பரிசுன்னுதான் குழந்தை கத்துக்குது. பிடிக்காத ஒரு காயை ஏத்துக்க ஒரு குழந்தைக்கு 8ல இருந்து 15 தடவை வரைக்கும் கூட ருசி பாக்க வேண்டியிருக்கலாம், நிறைய பேர் நாலஞ்சு தடவையிலயே "இவளுக்கு இது பிடிக்காது"ன்னு விட்டுடறாங்க. என்ன சாப்பாடு, எப்போன்னு நீங்க முடிவு பண்ணுங்க, எவ்ளோங்கறதை அவகிட்ட விடுங்க. பரம்பரைக்கும் இதுல பங்கு இருக்குங்கறது உண்மை, ஆனா நீங்க பட்டதெல்லாம் அவளும் படணும்னு எழுதி வைக்கல. அவ காதுபட உங்க உடம்பை நீங்களே திட்டிக்காம இருந்தா, அது அவளுக்குப் பெரிய உதவி.

கடைசியா, எப்போ நேர்ல ஒருத்தரைப் பாக்கணும்னு சொல்லிடறேன். குறைஞ்ச நேரத்துல மத்தவங்க சாப்பிடறதைவிட ரொம்ப அதிகமா சாப்பிட்டு, நிறுத்த முடியலங்கற உணர்வோட, அப்புறம் அருவருப்போ குற்ற உணர்ச்சியோ வந்து, இது வாரத்துக்கு ஒரு தடவையாவது 3 மாசம் நடந்தா, அமெரிக்க மனநல சங்கம் 2013ல இருந்து இதைத் தனி நோயாவே வகைப்படுத்தியிருக்கு, சிகிச்சையும் இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மட்டுமே நாளோட மொத்த சாப்பாட்டுல கால்வாசிக்கு மேல போறது, தூக்கத்துல இருந்து எழுந்து சாப்பிடறது, இந்த மாதிரி ராத்திரி சாப்பாட்டுப் பிரச்சனையை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட்ங்கற மனநல மருத்துவர் 1955லயே முதல்ல விவரிச்சிருக்கார், அதுக்கும் தனியா கவனிப்பு வேணும். சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேத்தறது, பேதி மாத்திரை போடறது இருந்தா தள்ளிப் போடவே போடாதீங்க, உடம்புல பொட்டாசியம் குறைஞ்சு இதயத்தைப் பாதிக்கற அளவுக்குப் போகும். ஸ்டீராய்டும் மனநலத்துக்குத் தர்ற சில மருந்துகளும் பசியை ஏத்தும், அப்படி ஏதாவது எடுத்துக்கிட்டா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்களா இருந்தா, நான் மேல சொன்ன சாப்பாட்டு நேர மாற்றத்தை டாக்டரைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். போகும்போது ரெண்டு வாரம் எழுதின நோட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, ராத்திரிப் பக்கத்தை மட்டும் காட்டாம காலி கட்டங்களையும் சேர்த்துக் காட்டுங்க.